சரணம் வரை

தணிகாசலத்துக்குப் பாட்டென்றால் உயிர். ஆனால் பழைய ரேடியோக்களில் இருக்கும் கண்ணாடி வால்வு வைத்துத் தன் கையால் கட்டிய ப்ரீஆம்ப் என்னும் ஒலிபெருக்கிப் பெட்டியில் எந்தப் பாட்டையும் அவர் பல்லவிக்கு மேல் கேட்டதில்லை. "பேஸ் சவுண்டு பத்தல" என்று அணைத்துவிட்டு, சால்டரிங் அயர்னைச் சூடேற்றி ஒரு கெபாசிட்டரை மாற்றுவார். அடுத்த தடவை "உர்ருங்குதே" என்று வால்வையே பிடுங்கி வேறொன்றைச் செருகுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் போட்டதும் மறுபடி உர்ரென்றது. சாக்கெட்டையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்று புது வால்வை எடுத்து மேசைமேல் வைத்தார்.

உள்ளே இருந்த வால்வு கெஞ்சியது. "அயர்ன் அண்ணே, கொஞ்சம் மெதுவா சூடாகுங்க, போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சரணம் கேட்டுட்டுப் போறேனே."

"அவசரக்காரருன்னாலும் நல்ல மனுஷன்டா. அவரை ஏமாத்தச் சொல்றியா?" என்று அயர்ன் சிடுசிடுத்தது.

ஆனால் தணிகாசலம் தன்னைப் பிளக்கில் செருகியதும் அது மூச்சைப் பிடித்துக்கொண்டு சில்லென்றே கிடந்தது.

அயர்ன் சூடாகும்வரை ஓடட்டும் என்று அவர் பாட்டை நிறுத்தாமல் விட்டார். பல்லவி முடிந்து சரணம் வந்தது. அவர் கால் தானாகத் தாளம் போட்டது. இரண்டாவது சரணத்தில் கண்ணை மூடிக்கொண்டார். வால்வு ஒரு சின்ன இரைச்சல்கூட இல்லாமல், கனன்று கனன்று பாடி முடித்தது.

"அடடா, இதைப் போயா மாத்தப் பார்த்தேன்!" என்று புது வால்வை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

பிறகு அயர்னைத் தொட்டுப் பார்த்தார்; இன்னும் சில்லென்றே இருந்தது. ரிப்பேருக்கு வேறொன்று கிடைத்ததில் முகம் மலர்ந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து அதன் கைப்பிடியைக் கழற்ற ஆரம்பித்தார்.

"ஐயோ, அண்ணே!" என்று வால்வு பதறியது.

"விடுடா," என்றது பாதி கழன்ற அயர்ன். "அந்த ரெண்டாவது சரணம் நல்லாத்தான் இருந்துச்சு."