இரண்டாவது சிகரெட்

சனிக்கிழமைதோறும் என் கணவர் ஒப்ராதின் கல்லறையில் கொஞ்சம் பிளம் சாராயம் ஊற்றி, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து மண்ணில் குத்திவிட்டு வருவேன். மறுவாரம் போனால் இரண்டு துண்டுகள் கிடக்கின்றன. ஒன்றில் உதட்டுச்சாயம்.

பக்கத்து வீட்டு தெசாங்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"செத்த மனுஷனையாவது விட்டுவைக்க மாட்டியாடி?"

"அடிப்போடி! எல்லாரும் பெல்கிரேடுக்குப் போயாச்சு, ஊர்ல மிஞ்சினது நாம ரெண்டு பேரு. எனக்கு இருமலே நிக்கல. சாயம் பூசிக்கிட்டு ஊதித் தள்ளினவ நீதான்!"

அதெல்லாம் கல்யாணத்துக்கு முன்பு. தொட்டே நாற்பது வருஷமாகிறது.

எரிச்சலோடு கல்லறைக்குத் திரும்பிப் போய்க் கல்லைத் துடைத்தேன். ஊர் வழக்கப்படி அவர் முகத்துக்குப் பக்கத்தில், என் இருபது வயது முகத்தையும் கறுப்புக் கல்லில் இப்போதே செதுக்கியாயிற்று; நான் சாகும் வருஷம் மட்டும் பாக்கி. அந்த இருபது வயதுக்காரியின் வாயை அழுத்தித் துடைத்தேன்.

ஈரத்துணியில் சிவப்பு ஒட்டிக்கொண்டு வந்தது.