இறக்கி வைக்க ஒரு கல்

"மூணு கல்லு வேணும் தொரை. ரெண்டு நட, ஒண்ணு மேல படுக்க வைக்க."

கோட்டை வைத்தியர் நிமிர்ந்து பார்த்தார். பழவேற்காட்டு ஒல்லாந்தர்கள் தங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வாசல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் வைத்தியம் பார்த்தவர்கள் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேர்ந்ததால், மேற்பார்வையையும் அவரிடமே விட்டிருந்தார்கள்.

"வீடு கட்டப் போறியா, வரதா?"

"சுமைதாங்கி தொரை. எம் பொஞ்சாதி செல்வம்மாளுக்கு."

வைத்தியரின் கை தொப்பிக்குப் போனது. பதினைந்து வருஷமாக இந்த ஊரில் இருக்கிறார். வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி செத்துப்போனால், அவள் இறக்கி வைக்காத பாரம் தீரட்டும் என்று, வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்கப் பாதையோரம் கல் நடுவார்கள். அது அவருக்குத் தெரியும்.

"எத்தனை மாசம்?"

"எட்டு."

தொப்பியைக் கழற்றினார்.

"திருப்பாலைவனம் போற வழியில, பனமரத்தாண்ட, மீன் கூடையோட விழுந்துட்டா தொரை. நேத்து."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"நீங்க வந்து இன்னா பண்ணுவீங்க? கழுத்து தாங்கல."

அதற்கு மேல் கேட்பது மரியாதையில்லை என்று வைத்தியர் கேட்கவில்லை. என்ன பேசுவதென்று தெரியாமல், தெரிந்ததைப் பேசினார். வாசலுக்கென்று செதுக்கி வைத்திருந்த கல் மனிதனைக் காட்டினார்.

"அட்லஸ்னு ஒரு ராட்சசன். சண்டையில தோத்ததுக்குத் தண்டனையா வானத்தையே சுமக்க வச்சுட்டாங்க. தலையைத் தாங்கற கழுத்தோட முதல் எலும்புக்கு அவன் பேரைத்தான் வச்சோம். உத்தரத்தைத் தாங்கற கல் ஆளுக்கும் அதே பேர்தான்."

வரதன் சிலையைச் சுற்றி வந்தான்.

"தலையில சும்மாடு காணோமே?"

"கிடையாது."

"எறக்கி வைக்க?"

"அதுவும் கிடையாது. இன்னும் சுமக்கிறான்."

"அடப்பாவமே! உங்க ஊர்ல ஒருத்தன்கூடவா அவனுக்குக் கல்லு நடல?"

வைத்தியர் தாம் படித்த புத்தகங்களையெல்லாம் மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். ஒருவரும் நடவில்லை. வாசலுக்கு வைத்திருந்த நல்ல கற்களிலேயே மூன்றை வண்டியில் ஏற்றச் சொன்னார். வாசல் வேலை ஆறு மாதம் தள்ளிப்போனது வேறு விஷயம்.

"எவ்வளவு உயரம் வேணும்?"

"செல்வம்மா கழுத்து உசரம்."

மூன்றாம் நாள் காலை பனைமரத்தடியில் சுமைதாங்கி நின்றது. வைத்தியர் வந்து மேல்கல்லில் அரளி மாலை சாத்திவிட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி தலைகுனிந்து நின்றார். பக்கத்தில் நின்ற வரதன் மட்டும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூச்சு வாங்க ஒருத்தி வந்தாள். மாலையை ஒதுக்கிவிட்டு, குனியாமலே மீன் கூடையைக் கல்மேல் இறக்கினாள். இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டாள்.

"ஏய்யா, செத்தவளுக்கு நடற கல்ல நட்டு வச்சிருக்கியே, ஊரு சிரிக்காது?"

"செத்தப்புறம் நட்டா நீயா வந்து எறக்கி வைக்கப் போறே, செல்வம்மா?"