டெயின்ட்டி

"பையைக் கவிழ்த்துக் கொட்டு. முத்து அதுல இல்லேன்னா அப்புறம் பேசலாம்" என்றாள் பெரிய மருமகள்.

சின்ன மருமகள் தன் கைப்பையைச் சாப்பாட்டு மேசைமேல் கவிழ்த்தாள். ஒரு சீப்பு, பழைய பஸ் டிக்கெட்டுகள், அவள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தின் அடையாள அட்டை, பாதி தீர்ந்த தலைவலித் தைலம். பெரியவள் அவற்றைப் பேனா முனையால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். விரல் படுகிற அளவுக்கு அதில் எதுவும் அவளுக்குத் தகுதியாகத் தெரியவில்லை.

பெரியவளின் கணவர் சோபாவில் உட்கார்ந்து செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். வெளியூரிலிருந்து அன்று காலைதான் வந்திருந்த நாத்தனார், "எந்த முத்து பெரியண்ணி?" என்றாள்.

"இதோட ஜோடி." பெரியவள் கழுத்துச் சங்கிலியை இழுத்துக் காட்டினாள். தங்கக் கம்பியால் பின்னிய கூண்டு. அதற்குள் பட்டாணி அளவில் இளமஞ்சளாக ஒன்று. "எவ்வளவு டெயின்ட்டியா இருக்கு பாரு!"

"டெயின்ட்டின்னா?"

"சின்னதா, நாசூக்கா, தொட்டா நோகுமோன்னு இருக்கும்ல, அதுக்குச் சொல்றது. க்யூட்டுன்னு எல்லாரும் சொல்வாங்க. டெயின்ட்டின்னு சொல்றதுக்கு ஒரு ரசனை வேணும். இதோ நிக்கறாளே, புது வாளி வாங்கிட்டு வந்து, 'டெயின்ட்டியா இருக்குல்ல அக்கா'ன்னாளே! வாளியைப் போய்! ஒரு வாரம் நினைச்சு நினைச்சுச் சிரிச்சேன்."

அந்த ஒரு வாரமும் சின்னவளுக்கு நினைவிருந்தது.

மாமியார் போய் இரண்டு மாதம் ஆகிறது. சாமான்களைப் பிரித்த அன்று பெரியவளின் வாயில் அந்தச் சொல் வந்ததும் கை பின்னாலேயே வந்தது. வெள்ளிக் கரண்டி டெயின்ட்டி. அவள் பெட்டிக்குள் போனது. கண்ணாடிக் கிண்ணங்கள் டெயின்ட்டி; அவையும் போயின. இரும்புக் கட்டிலும் துருப்பிடித்த தையல் மெஷினும் டெயின்ட்டி இல்லை; ஆகவே சின்னவளுக்கு.

கடைசியாக, மாமியாரின் அலமாரியில் ஒரு குட்டி டப்பிக்குள், பஞ்சில் பொதிந்து இது கிடைத்தது. "அக்கா, அது வந்து..." என்று சின்னவள் வாயெடுத்தாள். "எது என்னன்னு எனக்குத் தெரியும். நீ கட்டிலைத் தூக்க ஆள் பாரு" என்று பெரியவள் அடக்கிவிட்டாள். பிறகு இரண்டு முறை போனில் சொல்ல வந்தபோதும் அதே கதைதான்.

"நகைக்காரருக்கே இதோட அருமை தெரியலை" என்றாள் பெரியவள் இப்போது. "ரொம்ப லேசா இருக்கு, துளை போட்டா உதிர்ந்துடும், நான் பொறுப்பில்லைன்னுட்டார். பழைய காலத்து முத்து அப்படித்தான் இருக்கும், உங்க கண்ணுக்குக் கடைச்சரக்குதான் பழக்கம்னு சொன்னேன். ஆள் வாயடைச்சுப் போயிட்டார்."

"அம்மா முத்து போட்டு நான் பார்த்ததே இல்லையே" என்றாள் நாத்தனார்.

"போடறதுக்கு மனசு வரலை. பூட்டி வச்சிருந்திருக்காங்க. யாரு காதுலயாவது ஒத்தைத் தோடு பார்த்திருக்கியா? முத்துன்னா ஜோடியாத்தான் இருக்கும். அத்தைகூட இந்த வீட்டுல இருந்தவ இவதான். அலமாரிச் சாவி இவகிட்டத்தான். நாலு வருஷம் பாத்துக்கிட்டேன்னு தானாவே கூலி எடுத்துக்கிட்டா போல."

சின்னவளின் காது மடல் சிவந்தது. "நான் எதையும் எடுக்கலை அக்கா."

"எடுத்தவ எடுத்தேன்னு சொல்வாளா? கொழுந்தன் போனப்புறமும் பாவம்னு உன்னை இந்த வீட்டுல இருக்க விட்டது எங்க தப்பு. முத்து வரலேன்னா மாசக் கடைசியில சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்பு. என்னங்க, சொல்லுங்க."

செய்தித்தாள் ஒருமுறை அசைந்தது. அவ்வளவுதான்.

"அம்மா போன வருஷம் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப ராப்பகலா கூட இருந்தது இவங்கதான் பெரியண்ணி" என்றாள் நாத்தனார் தயங்கித் தயங்கி. "நானும் வரலை. நீங்களும்..."

"எனக்கு அந்த மருந்து வாசனை ஒத்துக்காதுன்னு ஊருக்கே தெரியும். சும்மாவா இருந்தேன்? பூச்செண்டு அனுப்பினேனே. டெயின்ட்டியா, வெள்ளை ரிப்பன் கட்டி."

அந்தப் பூச்செண்டு வந்தபோது மாமியாருக்கு நினைவு திரும்பியிருக்கவில்லை. சின்னவள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். ஆஸ்பத்திரியில் அந்த வாரம் எல்லாவற்றையும் கையெழுத்துப் போட்டு வாங்கியவள் அவள்தான்.

பெரியவள் பதக்கத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். பிறகு உதட்டருகே கொண்டுபோய் மெல்ல முத்தமிட்டாள். "தினமும் காலையில இப்படித்தான். அத்தையே என்கூட இருக்கற மாதிரி இருக்கு. இதெல்லாம் உனக்கெங்க புரியப்போகுது? கடைசியாக் கேக்கறேன், எல்லார் முன்னாடியும் சொல்லு. இதோட ஜோடி எங்க?"

சின்னவள் தைலத்தையும் சீப்பையும் பைக்குள் போட்டு மூடினாள்.

"ஜோடி கிடையாது அக்கா. அத்தையோட பித்தப்பையில டாக்டர் எடுத்தது அந்த ஒரு கல்லுதான்."