ஒரே குண்டூசி

மேனேஜர் ஓய்வு பெறும் நாள். அவருடைய மேஜை டிராயரைக் காலி செய்த குமாஸ்தாவின் கையில், இருபது வருடங்களுக்கு முன் தானே கொடுத்த ராஜினாமா கடிதம் சிக்கியது.

"மேலிடத்துக்கு அனுப்பிட்டேன், பதில் வரட்டும்னு ரெண்டு வருஷம் சொன்னீங்களே சார். அனுப்பவே இல்லையா?"

"இல்லைய்யா."

"நான் இல்லேன்னா ஆபீஸ் ஓடாதுன்னு பயந்தீங்களாக்கும்."

"இன்னும் வேகமா ஓடியிருக்கும். கடைசி வரியைப் படி."

"'உங்களுக்காகத்தான் சார் இத்தனை நாள் இருந்தேன்.'" குமாஸ்தா கடிதத்திலிருந்து நிமிர்ந்தார். "அதுக்காகவா என்னை விடலை?"

மேனேஜர் துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றினார். பின்னால் இன்னொரு தாள் இருந்தது. அதே தேதியில் மேனேஜர் எழுதிய ராஜினாமா.

"அதைப் படிச்சப்புறம் இதைக் கொடுக்க மனசு வரலைய்யா. உன்னையும் அனுப்பிட்டா, அப்புறம் நான் யாருக்காக இருக்கறது?"