ஜெயித்தவன் வீட்டுச் சாறு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற வரைக்கும் டமியானின் நாற்காலி காலியாகவே கிடந்தது.

வருகிற சனிக்கிழமை அவருக்கு ஞானஸ்நானம்.

"சேவல் சண்டைக் களத்துக்குத்தான் போயிருப்பாரு. ஞாயித்துக்கிழமைன்னா அங்கதானே கூட்டம்" என்றான் லெவிட்.

அமெரிக்காவிலிருந்து நெக்ரோஸ் தீவுக்கு மார்மன் சபை ஊழியத்துக்கு வந்த பையன் அவன். வயது பத்தொன்பது. மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. சட்டையில் குத்திய பெயர் அட்டையில் மட்டும் 'எல்டர்', அதாவது மூப்பர்.

"சாயங்காலம் அவங்க வீட்லதான் நமக்குச் சாப்பாடு, எல்டர். போய்ப் பார்ப்போம். உடம்பு சரியில்லையோ என்னவோ" என்றான் கூட்டாளி சலசார். அவனும் ஒரு பத்தொன்பது வயது மூப்பர்தான், மணிலாக்காரன்.

"சேவலுக்கு நல்லா இருந்தா இவருக்கும் நல்லாத்தான் இருக்கும்."

பொய்யில்லை. இவர்களிடம் வேதபாடம் கேட்கும்போதெல்லாம் டமியானின் மடியில் அந்தச் சேவல் இருக்கும். கப்பித்தான் என்று பெயர். ஜெபத்துக்குக் கண்ணை மூடினாலும் அவர் கை அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருக்கும்.

போன வியாழக்கிழமை லெவிட் கறாராகச் சொல்லிவிட்டான். "சூதாட்டம் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது? சேவலா, சபையா, நீங்களே முடிவு பண்ணுங்க, பிரதர்."

சாயங்காலம் தெருமுனைப் பெட்டிக்கடையில் வழி மறித்தார் கடைக்காரர்.

"டமியான் வீட்டுக்கா? நீங்களாவது அவனுக்குப் புத்தி சொல்லுங்கப்பா. கப்பித்தானை நேத்து நல்ல விலைக்குக் கேட்டேன். எவ்வளவு கொடுத்தாலும் தர மாட்டானாம்."

லெவிட் சலசாரைப் பார்த்தான். 'சொன்னேனா?' என்கிற பார்வை.

டமியான் வீட்டு வாசலில் சேவல் கட்டும் முளையில் வெறும் கயிறு கிடந்தது.

"வாங்க, எல்டர். சூடா இருக்கும்போதே உக்காருங்க" என்றாள் டமியானின் மனைவி நெனித்தா.

சோறு வந்தது. பப்பாளிக்காயும் முருங்கை இலையும் போட்ட கோழிச் சாறு வந்தது. டமியான் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெறும் சோற்றை உப்போடு பிசைந்துகொண்டிருந்தார்.

லெவிட் ஜெபம் சொல்லிவிட்டு ஒரு துண்டை வாயில் போட்டான். பல்லுக்கு அடங்கவில்லை. கடைக் கோழி இப்படி இருக்காது.

அவனுக்குப் புரிந்துபோயிற்று. களத்தில் தோற்ற சேவல், ஜெயித்தவனுக்குச் சொந்தம். அன்றைக்கே அவன் வீட்டு அடுப்பில் ஏறிவிடும். ஒரு வருஷமாக இந்த ஊரில் இருப்பவனுக்கு இதுகூடவா தெரியாது?

ஸ்பூனைக் கீழே வைத்தான்.

"இது சண்டைச் சேவல்தானே, பிரதர்?"

டமியான் தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்போ ஜெயிச்சுட்டு வந்திருக்கீங்க. தோத்தவன் சேவலை எங்களுக்கே சமைச்சுப் போடுறீங்க. அதுக்கு என்னை ஜெபம் வேற சொல்ல வச்சீங்க."

"எல்டர்…" சலசார் அவன் முழங்கையைப் பிடித்தான்.

"விடு, நான் பேசிக்கிறேன். சனிக்கிழமை ஞானஸ்நானம் கிடையாது, பிரதர். மனசுல பொய்யை வச்சுக்கிட்டுத் தண்ணியில இறங்க வேணாம். ஆமா, உங்க கப்பித்தான் எங்க? காயத்துக்குத் தையல் போட விட்டுட்டு வந்தீங்களா?"

நெனித்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டமியான் லெவிட்டின் கிண்ணத்தையே பார்த்தார்.

லெவிட்டும் குனிந்து பார்த்தான். பிறகு அவருடைய தட்டைப் பார்த்தான். சோறு, உப்பு. அவ்வளவுதான்.

கன்னத்தில் ஒதுக்கியிருந்த துண்டை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. காது மடல் வரைக்கும் எரிந்தது.

"நான்… சண்டையைத்தான் விடச் சொன்னேன்" என்றான். "கேட்டவங்ககிட்ட கொடுத்திருக்கலாமே, பிரதர்."

"கொடுத்தா அவன் களத்துலதானே இறக்குவான், எல்டர்? வீட்ல வச்சிருந்தா என் கை சும்மா இருக்காது."

லெவிட் தலை நிமிரவே இல்லை. சாப்பாடு பிடிக்காமல்தான் பையன் இப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார் டமியான். தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"மன்னிச்சுக்கோங்க, எல்டர். ஆராதனைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே வெட்டியிருக்கணும். கை வரல. மடியில வச்சுக்கிட்டே உக்காந்ததுல மத்தியானம் தாண்டிப்போச்சு. அதான் சரியா வேகல."