ஒரு கட்டம் கீழே

"வினிதா, உங்க தமிழ்க்காரங்க ஒருத்தருக்கும் கல்யாணமே வேண்டாமாம்மா? ஒரு வாரமா யாரைப் பாத்தாலும் 'விருப்பமில்லை'தான்!"

மேனேஜர் சுசித்ரா கத்திக்கொண்டே வந்தார். மைசூரில் அந்தச் சின்ன கம்பெனி நடத்துவது வரன் பார்க்கும் ஆப். இங்கிலீஷ், கன்னடம், தமிழ் என்று மூன்று மொழிகளில் ஓடுகிறது. அதில் தமிழ் முழுக்க வினிதாவின் தலையில்.

அவளுக்குக் கல்யாணம் என்ற பேச்சே கசந்து கிடந்தது. இதே ஆப் மூலமாகத்தான் ஞாயிற்றுக்கிழமை கவின்ராஜ் என்றொரு பையன் அக்ரஹாரத்தில் இருக்கும் அவள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்து போனான். அவளைப் பேசவிட்டுக் கேட்டான். எத்தனையோ பேர் வந்து போனதில் முதல் தடவையாக அவளுக்குப் பிடித்துப் போயிற்று.

நேரில் சொல்லச் சங்கடம் என்று இப்போதெல்லாம் இரு வீட்டாரும் ஆப்பிலேயே பதிலைத் தட்டிவிடுகிறார்கள். திங்கட்கிழமை காலையில் அவனிடமிருந்து 'விருப்பமில்லை' வந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் இங்கே உட்கார்ந்து ஊரார் கல்யாணத்துக்கு மொழிபெயர்த்துத்தானே ஆகவேண்டும்?

"பாக்கறேன் மேடம்" என்று ஷீட்டைத் திறந்தாள். ஒரு வரிசையில் இருப்பதெல்லாம் ஒரே பட்டனுக்கானவை. இங்கிலீஷ், அதன் பக்கத்தில் கன்னடம், அதன் பக்கத்தில் தமிழ். கண் எரிய எரியப் பார்த்துக்கொண்டே வந்தவள், ஷீட்டைக் கடைசியாகத் திருத்திய தேதியைக் கண்டு சட்டென்று நிமிர்ந்தாள்.

"கிரண், போன வெள்ளிக்கிழமை இந்த ஷீட்ல கை வெச்சியா?"

டெவலப்பர் கிரண் ஹெட்போனைக் கழற்றினான். "தமிழ்ல ஒண்ணு விட்டுப் போயிருந்துச்சு. நடுவுல ஒரு கட்டம் சேத்தேன். ஏன்?"

"முழு வரிசையாச் சேக்காம தமிழ்ல மட்டும் சேத்திருக்க. அதுக்குக் கீழ இருக்கற தமிழெல்லாம் ஒரு கட்டம் இறங்கிடுச்சு. 'சம்மதம்' போய் மறுக்கற பட்டன்மேல உக்காந்திருக்கு!"

"அய்யய்யோ! ஸ்கிரிப்ட் அதை அப்படியே ஆப்ல ஏத்திடுச்சா?"

"அது என்னத்தக் கண்டுது? குடுத்ததை ஏத்தும். ஷீட்டைப் பூட்டி வைன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்!"

சுசித்ரா தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்ப தமிழ்ல சரின்னவங்க எல்லாரும் வேண்டாம்னு சொன்ன மாதிரி ஆயிடுச்சா? கர்மம்! மொதல்ல அதைச் சரி பண்ணுங்க."

கட்டத்தை நீக்கி, கிரண் திரும்ப எல்லாவற்றையும் ஏற்றி முடிப்பதற்குள் சாப்பாட்டு வேளையே தாண்டிவிட்டது. மேசையில் தலை சாய்த்த வினிதாவுக்குப் பொறி தட்டியது. தப்பு நடந்தது வெள்ளிக்கிழமை. கவின்ராஜின் பதில் வந்தது திங்கட்கிழமை. அப்படியென்றால் அவன் அமுக்கியது 'சம்மதம்'!

களைப்பெல்லாம் எங்கே போயிற்றோ, படிக்கட்டுக்கு ஓடிப்போய் அவன் நம்பரைப் போட்டாள்.

"நான் வினிதா பேசறேங்க. எங்க ஆப்ல ஒரு தப்பு நடந்துடுச்சு. தமிழ்ல சம்மதம்னு அமுக்கினா வேண்டாம்னு போயிருக்கு. உங்க பதிலும் அப்படித்தான் ஆயிடுச்சோன்னு..."

கவின்ராஜ் குறுக்கிட்டான்.

"எனக்குத் தமிழ் பேசத்தாங்க வரும், படிக்க வராது. ஸ்கூல்லயே கன்னடந்தான். ஆப்பையும் கன்னடத்துலதான் வெச்சிருக்கேன். நான் வேண்டாம்னு அமுக்கினது நெஜந்தாங்க."

வினிதா கூனிக் குறுகிப் போனாள். ஐயோ, இப்படியா வலியப் போய் மானத்தைப் போக்கிக்கொள்வது!

"சாரிங்க. வெச்சிடறேன்."

"இருங்க, வெக்காதீங்க! ஞாயித்துக்கிழமை சாயங்காலமே உங்க வீட்லருந்து வேண்டாம்னு வந்துடுச்சே. அதுக்கப்புறம் நான் மட்டும் சரின்னு சொல்லிட்டு உக்காந்திருக்கணுமாங்க?"

மாப்பிள்ளை வீட்டுக் கார் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அப்பா சீனிவாசன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எம் பொண்ணு எழுதின தமிழாக்கும்" என்று பெருமையோடு 'சம்மதம்' அமுக்கியது அப்போதுதான் வினிதாவுக்கு உறைத்தது.