கட்டாயம் அன்று

“கையெழுத்துப் போட்டுட்டா, நாளையில இருந்து இந்த அரண்மனைக்கு நீ விருந்தாளிதான். நல்லா யோசிச்சுக்கோ, அருணு.”

சின்னச்சாமி குரலைக் கடுமையாக்கத்தான் முயன்றார். அது பாதி வழியிலேயே கம்மிவிட்டது. எழுமலைக்கு மேற்கே இருக்கும் நல்லமரத்துப்பட்டி ஜமீனின் நான்காம் தலைமுறை அவர். எதிரே அவருடைய ஒரே மகன் அருண்பாண்டி, திறந்த பேனாவோடு உட்கார்ந்திருந்தான். நடுவே மேசையில், மதுரையிலிருந்து வந்திருந்த வக்கீல் சுப்பராமன் விரித்து வைத்த விடுதலைப் பத்திரம். அதில் ஒப்பமிட்டால் ஜமீன் சொத்தில் அருண்பாண்டிக்கு ஒன்றும் இல்லை.

“யோசிச்சாச்சுப்பா. அத்தை மகளைக் கட்டுனாத்தான் சொத்துன்னா, சொத்து பங்காளி வீட்டுக்கே போகட்டும். அவளும் என்னையக் கட்ட மாட்டா. வாட்ஸப்புல என்னை ‘ப்ரோ’ங்கிறா.”

வக்கீல் தம் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

மூத்த மகன் அத்தை மகளையே மணக்க வேண்டும். மணக்காவிட்டால் அரண்மனையும் அறுபது ஏக்கர் தென்னந்தோப்பும் பங்காளிகளுக்குப் போய்விடும். சின்னச்சாமியின் கொள்ளுத்தாத்தா ஒரு பத்திரத்தில் எழுதி வைத்ததாக அந்த வீட்டில் எல்லோரும் அறிந்த விதி இது. அருண்பாண்டி விரும்பியதோ பவதாரிணியை. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவரின் மகள் அவள். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் பழைய ஆவணங்களைப் படித்துப் பதிப்பிக்கும் வேலை. இப்போது நாற்காலியின் விளிம்பில், யாருக்கும் இடைஞ்சல் செய்யக் கூடாது என்பவளைப் போல அமர்ந்திருந்தாள்.

சின்னச்சாமிக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. மகனைத் தடுக்கவும் அவருக்கு வாய் வரவில்லை. காரணம், பக்கத்தில் இருந்த மனைவி நாகஜோதி.

அவள் அவருடைய அத்தை மகள். தமிழ் எம்.ஏ.வில் தங்கப் பதக்கம் வாங்கி, மதுரையில் ஒரு கல்லூரியில் வேலைக்கு உத்தரவும் வந்திருந்த நேரத்தில், அந்தப் பத்திரத்தைக் காட்டி அவளை இந்த வீட்டுக்கு மருமகளாக்கினார்கள். அவருக்கு அவளைச் சிறு வயதிலிருந்தே பிடிக்கும். அவளுக்கு? முப்பத்து மூன்று ஆண்டுகளில் ஒரு நாளும் அவர் அதைக் கேட்கத் துணிந்ததில்லை. விதிக்காகக் கழுத்தை நீட்டியவளிடம் என்னவென்று கேட்பது?

“அவன் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால அந்தப் பழைய பத்திரத்தை பவதாரிணி ஒரு தடவை படிக்கட்டும்,” என்றாள் நாகஜோதி. “கூட வாழப் போறவ. எது கைவிட்டுப் போகுதுன்னு அவளுக்கும் தெரியணும்ல.”

வக்கீல் கொள்ளுத்தாத்தா பத்திரத்தின் தட்டச்சுப் படியை நீட்டினார். பவதாரிணி சத்தமாகப் படித்தாள்.

“‘மூத்த மகன் அத்தை மகளை மணப்பது கட்டாயம். அன்று அரண்மனையும் தோப்பும் அவனுக்கே பாத்தியம்.’”

படித்தவள் சின்னச்சாமியை நிமிர்ந்து பார்த்தாள். “மூலப் பத்திரம் இருக்கா, ஐயா?”

“இரும்புப் பெட்டிக்குள்ள கெடக்கு. அறுபது வருசமா இந்தப் படியைத்தான் பாக்குறோம். அந்தக் கையெழுத்தை யாரும்மா படிக்கிறது?”

“எனக்கு அதான் வேலை, ஐயா.”

மூலம் வந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. வாக்கியத்துக்கு நிறுத்தம் கிடையாது. பவதாரிணி தலையைக் குனிந்து வெகுநேரம் படித்தாள். ஓரிடத்தில் அவள் விரல் நின்றது.

“அருண், பேனாவை மூடு.”

“என்னம்மா ஆச்சு?” என்றார் வக்கீல்.

“இதுல முற்றுப்புள்ளியே இல்லை, சார். தட்டச்சு செஞ்சவர் தானா வச்சிருக்கார். ‘கட்டாயம்’ங்கிறதுக்குப் பின்னால வச்சிட்டார், ‘அன்று’ங்கிறதுக்குப் பின்னால வச்சிருக்கணும். ‘அத்தை மகளை மணப்பது கட்டாயம் அன்று.’ அப்படின்னா, கட்டாயம் இல்லை.”

“‘அன்று’ன்னா அந்த நாள்னும் அர்த்தம் உண்டே. பங்காளிகள் கோர்ட்டுல அதைத்தான் சொல்லுவா.”

“சொல்லட்டும், சார். நாளைக் குறிக்கிற இடத்துல எல்லாம் இவர் ‘அந்நாளில்’னுதான் எழுதியிருக்கார். ‘அன்று’ இன்னும் ரெண்டு இடத்துல வருது. இங்க பாருங்க, ‘பெண்மக்களைப் படிக்க வைப்பது தவறு அன்று.’ இதுக்கு என்ன நாள் நட்சத்திரமா பாக்க முடியும்?”

சுப்பராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு விடுதலைப் பத்திரத்தை எடுத்துத் தம் பைக்குள் திணித்தார்.

“எனக்கு இங்க வேலை இல்லை. பங்காளிகளுக்கும் இல்லை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவனைக் கூப்பிடுங்கோ.”

அருண்பாண்டிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “அப்ப நான் விருந்தாளி இல்லையாப்பா?”

“போடா. அந்தப் புள்ளை காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. வக்கீல் சாரையும் கூட்டிக்கிட்டுப் போயி முதல்ல சாப்பிடுங்க.”

மூவரும் உள்ளே போனார்கள். பந்தி அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சின்னச்சாமி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டார். மகன் தப்பித்தான், அரண்மனையும் தப்பித்தது. ஆனால், மனைவியின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

“ஒத்தப் புள்ளியை நம்பி ஒன் வாழ்க்கையைப் பாழாக்கிட்டோம், ஜோதி. நீ காலேஜுல பாடம் நடத்தியிருப்ப. அன்னைக்கே யாராச்சும் இதைச் சரியாப் படிச்சிருந்தா நீ தப்பிச்சிருப்ப.”

நாகஜோதி மூலப் பத்திரத்தைப் பழைய மடிப்பு பிசகாமல் மடித்தாள்.

“படிக்காம என்ன, அத்தான்? கல்யாணத்துக்கு முந்தின வாரம் இங்க வந்தப்பவே பெட்டியைத் திறந்து மூலத்தை நான் படிச்சிட்டேன். வெளிய சொன்னா எங்க வேற பொண்ணு பாத்துருவீங்களோன்னுதான் பெட்டியைப் பூட்டிட்டேன்.”